ஆர்வோ பார்த்த மான்

ஹான்காக், மிச்சிகன்
நவம்பர் 7, 1993

அன்புள்ள லெம்பி,

கால் எப்படி இருக்கிறது? இப்போது ஊன்றுகோல் இரண்டா, ஒன்றா? உன் தங்கை ஹெல்வியிடம் போனில் கேட்டால், "உம் பொண்டாட்டி நல்லாத்தான் இருக்கா, நீ சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். நீயோ போனுக்கே வருவதில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடங்களில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் எழுதியதெல்லாம் பிளக்குக்கு மேலே ஒட்டுகிற சீட்டுதான்: "ஒரு பிளக்கில் ஒரு ஹீட்டர் மட்டும். ஏ. கோர்பெலா." அதைவிட நீளமாக எழுதிப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்.

இங்கே முழங்கால் அளவு பனி விழுந்துவிட்டது. நம் வீட்டுப் பதினான்கு படிகளையும் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தள்ளிச் சுத்தம் செய்கிறேன். தொடையில் கம்பி வைத்த காலோடு நீ இந்தப் படியில் ஏறுவதை நினைத்தால் எனக்கு வியர்த்துவிடுகிறது. டாக்டர் சொன்னபடி மார்ச் வரை படியில்லாத ஹெல்வி வீட்டிலேயே இரு.

மோட்டார் சைக்கிளைப் பற்றி நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றி வேறு போட்டாயிற்று. கைப்பிடி ஹீட்டர்கள் தப்பித்துவிட்டன. பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினேன். கறுத்த ஆயிலை ஐந்து மாதம் எஞ்சினுக்குள் விட்டால் அது உள்ளேயே அரித்துவிடும். பேட்டரியைக் கழற்றிச் சமையலறை அலமாரியில் உன் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோபிக்காதே, குளிரில் விட்டால் உறைந்து வெடித்துவிடும்.

ஷெட்டில் விரல் விறைத்துப்போகிறது. அதனால் வண்டியை உருட்டிக்கொண்டுபோய் நம் ஆவிக்குளியல் சௌனாவின் முன்னறையில் நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை அடுப்பை மூட்டி ஆவியில் உட்கார்ந்து குளித்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். நெருப்புப் பக்கத்தில் பெட்ரோல் வேண்டாமென்று டேங்கைக் காலி செய்துவிட்டேன். இத்தனை வருடமாக எனக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

அடுத்தது உன் பின்சீட்டுக்கு ஒரு சாய்மானம். நீ நன்றாகச் சாய்ந்து உட்காரலாம். அந்த மான் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால், உன் பிறந்தநாளுக்குக் காப்பர் ஹார்பரில் எடுத்த படங்களை இந்நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருப்போம்.

உன்
ஆர்வோ


கிரீன் பே, விஸ்கான்சின்
நவம்பர் 12, 1993

ஆர்வோ,

ஊன்றுகோல் இரண்டு.

போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே ஹெல்வி இருக்கிறாள். அவள் இல்லாவிட்டாலும் நீ பனி எத்தனை அங்குலம் என்று சொல்வாய், நான் சரி என்பேன், வைத்துவிடுவோம். கடிதம் எழுது. அதில் பனியை மட்டும் எழுதி ஒரு பக்கத்தை நிரப்ப உன்னாலும் முடியாது.

முதலில் வண்டியை சௌனாவிலிருந்து வெளியே எடு. கல்யாணமான நாளிலிருந்து அந்த முன்னறையில் ஒரு ஈரத்துண்டை மாட்ட விட்டிருக்கிறாயா? "ஆணி துருப்பிடிக்கும், லெம்பி, ஆணி துருப்பிடிக்கும்." இப்போது இருநூறு கிலோ இரும்பைக் கொண்டுபோய் ஆவியில் நிறுத்தியிருக்கிறாய். டேங்க் வேறு காலி. உள்ளே வேர்த்து வேர்த்து ஒரு மாதத்தில் துரு பிடித்துவிடும். ஒரு மெக்கானிக் இதைச் செய்யமாட்டான், ஒரு குழந்தைகூடச் செய்யாது. சனிக்கிழமை குளிக்காவிட்டால் செத்துப்போவோம் என்று நினைக்கிற நம் ஃபின்னிஷ் ஆள்தான் செய்வான்.

சாய்மானம் வேண்டாம். மறுபடியும் பின்னால் ஏறுவேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வேட்டை தொடங்குகிறது. நீயும் பக்கத்து வீட்டு ரூடியும் காட்டுக் குடிசைக்குப் போவீர்கள். அக்டோபர் இரண்டாம் தேதி நம் முன்னால் வந்த மானைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்.

லெம்பி


ஹான்காக்
நவம்பர் 28, 1993

அன்புள்ள லெம்பி,

நீ சொன்னதுதான் நடந்தது. டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே செங்கல் பொடி தூவினதுபோல இருந்தது. மூன்று சனிக்கிழமை ஆவி. ஒரு கைப்பிடி நட்டுகளை உள்ளே போட்டு, டேங்கைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் குலுக்கினேன். ரூடி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன ஆர்வோ, பேரப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இப்போது துரு போய்விட்டது. வண்டி ஷெட்டுக்குத் திரும்பிவிட்டது. டேங்கை விளிம்புவரை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்கிற மருந்தையும் ஊற்றிவிட்டேன்.

ஷெட் என்றால் எலி. சைலன்சர் வாயில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து, வழக்கம்போல வண்டிச் சாவியை அந்த நாரிலேயே கட்டிவிட்டேன். சாவி வேண்டுமென்றால் முதலில் நாரை இழுத்தாக வேண்டும். போன வசந்தத்தில் ரூடி அடைப்பை எடுக்க மறந்துவிட்டு, வண்டி கிளம்பவில்லை என்று கார்புரேட்டரை இரண்டு நாள் பிரித்துப் போட்டது உனக்கு நினைவிருக்கும்.

வேட்டையில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குடிசையில் ரூடிதான் நம் கதையை எல்லோருக்கும் சொன்னான். நான் சும்மா இருந்தேன்.

சாய்மானம் செய்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட நாற்காலியின் முதுகு. நீ வேண்டாம் என்றாய், தெரியும். செய்து வைத்தால் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லையே.

மானை விசாரித்ததாகச் சொல் என்று எழுதினாயே, அது விளையாட்டுக்குத்தானே?

உன்
ஆர்வோ


கிரீன் பே
டிசம்பர் 12, 1993

ஆர்வோ,

கால்பந்து ஆட்டம் பார்க்க வந்த ரூடி நேற்று இங்கே வந்துவிட்டுப் போனான். நீ கொடுத்தனுப்பிய ஏலக்காய் ரொட்டி வந்து சேர்ந்தது. அடியில் கருகியிருந்தாலும் சாப்பிட்டோம்.

ரொட்டியோடு மானும் வந்தது. "எட்டுக் கிளைக் கொம்பு, லெம்பி. ஆர்வோ மட்டும் வண்டிய ஒடிக்கலேன்னு வையி, கொம்பு நேரா உன் நெஞ்சுலதான்." ஹெல்வி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ஆஸ்பத்திரியில் அது வெறும் மானாக இருந்தது. நவம்பரில் கொம்பு முளைத்துவிட்டது. ஈஸ்டருக்குள் அது பேச ஆரம்பித்துவிடும்.

ஆர்வோ, மான் இல்லை.

நான் உன் தோளுக்கு மேலே எட்டிச் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏரிக்காற்று எலும்புவரை போயிற்று. நீ தலையைத் திருப்பி, "சட்டை ஸ்விட்சப் போடு, ஸ்விட்சப் போடு" என்று கத்தினாய். நீ பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த, வண்டிக் கரண்டில் சூடாகிற ஹீட்டர் சட்டை. அதன் ஸ்விட்சில் இரண்டு படி, முதலில் குறைந்த சூட்டில்தான் வைக்க வேண்டும் என்று காலையில் நீ இரண்டு தரம் சொல்லியிருந்தாய். எனக்குக் குளிர் தாங்கவில்லை. ஒரே தள்ளாகக் கடைசிவரை தள்ளினேன். என் கட்டைவிரல் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஹெட்லைட் அணைந்தது. அப்புறம் வளைவு, அப்புறம் பள்ளம்.

பத்து வாரமாக இந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ என்னைக் காப்பாற்றத்தான் மானைச் சொல்கிறாய் என்று புரிகிறது. பழி என் மேல் வரக்கூடாது என்று பார்க்கிறாய். ஆனால் ஒவ்வொருவரும் வந்து "பாவம், மானால வந்த வினை" என்று சொல்லும்போது எனக்குத் திருடியதுபோல இருக்கிறது. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டிவிடு. உன் கையையும் காலையும் நான் உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிடு. இந்த மானை மட்டும் போகச் சொல்.

லெம்பி


ஹான்காக்
டிசம்பர் 19, 1993

அன்புள்ள லெம்பி,

நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உனக்குக் களைப்பு, இருட்டுகிற நேரம், நீ சரியாகப் பார்த்திருக்க முடியாது. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? மான் வந்தது, போயிற்று.

இந்த வாரம் இருபத்திரண்டு அங்குலம் பனி. கூரையில் ஏறித் தள்ளினேன். செயினுக்கு மசகு போட்டாயிற்று.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். ஹெல்விக்கும் சொல்.

ஆர்வோ


கிரீன் பே
ஜனவரி 3, 1994

ஆர்வோ,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பனி இருபத்திரண்டு அங்குலம். சரி.

ஹெல்விக்குத் தெரிந்த துணிக்கடையில் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை ஒன்று இருக்கிறது, ஏப்ரலிலிருந்து. வருகிறேன் என்று சொல்லலாமா என யோசித்துக்கொண்டிருக்கிறேன். மார்ச்சில் நீ பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு அழைத்துப்போக வர வேண்டாம்.

பள்ளத்தில் தள்ளின ஆளோடு என்னால் வாழ முடியும். நான் தள்ளியிருந்தாலும், நீ தள்ளியிருந்தாலும். நான் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லி, அதை அன்பு என்று நினைத்துக்கொள்கிற ஆளோடு எப்படி ஒரே மேஜையில் உட்கார்ந்து காப்பி குடிப்பது? என் பழியை நீ இப்படி மறைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்தால் எனக்கு நன்றி சொல்லத்தான் வாய் இருக்கும், வேறு எதற்கும் இருக்காது. முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊன்றுகோல் ஒன்றாகிவிட்டது.

லெம்பி


ஹான்காக்
ஜனவரி 23, 1994

லெம்பி,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதி அடுப்பில் போட்டேன். இதைப் போடமாட்டேன்.

மான் இல்லை.

நீ பள்ளத்தில் கிடந்தாய். முதல் காரிலிருந்து இறங்கி ஓடிவந்த ஆள், "மானா?" என்றான். நம் ஊரில் யார் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள்? எல்லோருக்கும் அந்த ஒரு கேள்விதான். என் வாய் "ஆமா" என்றது. அந்த நேரத்தில் அவன் "நிலாவா?" என்று கேட்டிருந்தாலும் ஆமா என்றிருப்பேன். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், மானா, ஆமா. ரூடி கேட்டான், ஆமா. நான் ஒரு கொம்பும் வைக்கவில்லை. வைத்தவர்களைத் தடுக்கவும் இல்லை.

இனி விளக்கைப் பற்றி. உன் பிறந்தநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சட்டைக்கு ஒயர் இழுத்தேன். பேட்டரியிலிருந்து தனி ஒயர், அதற்கென்று தனி ஃபியூஸ், அதுதான் முறை. அதற்கு டேங்கைத் தூக்க வேண்டும். ஃபியூஸ் வைக்கிற கூடும் கையில் இல்லை, கடையை மூடிவிட்டார்கள். மறுநாள் காலையில் நீ பரிசைப் பிரித்ததும் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி, அதில் உன் சட்டை ஒயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். கைப்பிடி ஹீட்டர்களை ஆகஸ்டிலேயே அதே ஒயரில்தான் கட்டியிருந்தேன். சட்டையைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன், சூடு வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு பிளக்கில் ஒரு ஹீட்டர் மட்டும் என்று முப்பத்தொரு வருடம் டீச்சர்களை விரட்டினவன், தன் வண்டியில் ஒரு விளக்கின்மேல் மூன்று ஹீட்டரை ஏற்றினேன்.

இரண்டு நாள் கழித்து ஹெட்லைட்டைத் திறந்து பார்த்தேன். ஃபியூஸ் கறுத்திருந்தது. உன் பொத்தான் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அன்றைக்கே எனக்கு எல்லாம் தெரியும். வெட்கம், லெம்பி. உன் கால் உடைந்த துக்கத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

உன் கட்டைவிரலைப் பற்றி நீ எழுதும்வரை, நீ அப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குக் கனவிலும் தெரியாது. தெரிந்த பிறகும், "நீ சரியாகப் பார்க்கவில்லை" என்று எழுதினேன் பார், ஒயர் முறுக்கினதைவிட அதுதான் பெரிய தப்பு.

போன சனிக்கிழமை சௌனா அடுப்பை மூட்டவில்லை. பேட்டரியை ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நான் கட்டினது அப்படியேதான் இருந்தது, இத்தனை நாளும் அந்த முடிச்சை மட்டும் தொடவில்லை. புது ஃபியூஸ் போட்டு, விளக்கையும் கைப்பிடிகளையும் போட்டு, உன் சட்டையை நானே மாட்டிக்கொண்டேன். எனக்கு அது பாதி முதுகுக்குத்தான் வருகிறது. என் கட்டைவிரலால் ஸ்விட்சைக் கடைசிவரை தள்ளினேன். அணைந்தது. மறுபடி ஃபியூஸ் மாற்றினேன், இந்தத் தரம் குறைந்த சூட்டில் வைத்தேன். இருபது எண்ணுவதற்குள் அணைந்தது. இன்னொரு தரம் பார்த்தேன், அதேதான். நீ நான் சொன்னபடியே செய்திருந்தாலும் அணைந்திருக்கும்.

மறுநாள் பிக்கப்பை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போய், அன்றைக்கு வந்த வேகத்தில் ஓட்டி இருபது எண்ணினேன். இருபதில் ஏரியோரப் பாறை வளைவு வந்தது; நீ குறைந்த சூட்டில் வைத்திருந்தால் அங்கேதான் விளக்கு அணைந்திருக்கும். அங்கே பள்ளம் இல்லை, தடுப்பும் இல்லை, தண்ணீர்தான். அங்கேயே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் அழுதேன்.

அந்த முடிச்சை வெட்டியெடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போவதா, வருவதா என்பது உன் இஷ்டம். ரூடியிடம் இன்னும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

ஆர்வோ


கிரீன் பே
பிப்ரவரி 6, 1994

ஆர்வோ,

உறையைப் பிரித்தபோது அது மேஜையில் விழுந்தது. சுண்டுவிரல் நீளம், நடுவில் கறுப்பு டேப், ஒரு பக்கம் இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தன. ஹெல்வி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா அது?"

"ஆர்வோவோட மான்."

"எட்டுக் கிளைன்னான் ரூடி."

"ரெண்டுதான்."

அப்புறம் அழுகை வந்தது. ஹெல்வி அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நீ வெட்கப்படுவாய், படு.

எனக்குக் கோபம் போய்விடவில்லை. நான்கு மாதம், ஆர்வோ. அந்த விரலால் பொத்தான் போடும்போதுகூட நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ அங்கே ஃபியூஸை என் பொத்தான் டப்பாவில் வைத்திருந்தாய். இதை நான் சீக்கிரம் மறக்கமாட்டேன், மறக்கச் சொல்லாதே. பாறைக் கதையையும் இனி எடுக்காதே. என் விரல் பள்ளத்தில் தள்ளவும் இல்லை, தண்ணீரிலிருந்து காப்பாற்றவும் இல்லை. அது குளிருக்கு ஒரு ஸ்விட்சைப் போட்டது, அவ்வளவுதான். அப்படியே இருக்கட்டும்.

ஆனால் நேற்று ராத்திரி விடியும்வரை தூங்கினேன். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை.

துணிக்கடையில் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மார்ச் இருபதாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். பதினான்கு படிக்கும் ஒரு கைப்பிடிக் கம்பி போட்டு வை. நல்ல மரையாணி போடு, முறுக்கி டேப் சுற்றிவிடாதே.

வண்டிக்கு இனி நான் சொல்வதைச் செய். ஹெட்லைட்டை மூடாதே. பேட்டரியிலிருந்து சட்டைக்குத் தனி ஒயர், கைப்பிடிகளுக்குத் தனி ஒயர், இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ். ஒயரைப் பற்றவைக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, நூறு எண்ணிப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். எண்ணுவது நான். உன் பள்ளிக்கூடச் சீட்டு ஒன்று மிச்சமிருந்தால் ஹெட்லைட்டுக்கு மேலே ஒட்டு.

சாய்மானம் இன்னமும் வேண்டாம், அதைச் சமையலறை நாற்காலிக்கே வைத்துக்கொள். என் இடது கால் முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்சீட்டின் இடது ஃபுட்ரெஸ்டை நான்கு விரல் கீழே இறக்கு. கம்பி நாரையும் சாவியையும் தொடாதே. அதை நான் வந்து இழுப்பேன்.

பஸ் ஸ்டாப்புக்கு ரூடி உன்னோடு வருவான், அவன் வராமல் இருக்கமாட்டான். கூடவே இன்னும் நாலு பேர் நிற்பார்கள். நான் ஊன்றுகோலோடு இறங்கும்போது யாராவது என் காலைப் பார்த்து, "மானா?" என்று கேட்பார்கள். நான் வாய் திறக்கமாட்டேன், ஆர்வோ. உன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பேன்.

உன்
லெம்பி